ஏரிக்கரையில் ஒரு கூடாரம்

(சங்கத்தின் ரொறன்ரோக் கிளை ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



‘புலம்பெயர்ந்த பழைய மாணவிகள்’ என்ற தலைப்பில் பதினைந்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். எனக்கு முன் பேசிய மூன்று பேரும் அதில் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஓர் ஏரியைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் மன்னிக்கவேண்டும்.

அந்த ஏரி அமெரிக்காவில், விஸ்கொன்சின் மாநிலத்தில், பராபூ என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் டெவில்ஸ் லேக். தமிழில் பேய் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் எண்ணிமுடியாத ஏரிகள் இருக்க, எல்லை தாண்டி ஏன் அங்கே போகிறீர்கள் என்று இங்கே இருப்பவர்கள் கேட்பது நியாயம்தான். எங்கள் வகுப்புக்காரர் ஆறு பேரில் நான் உட்பட இரண்டு பேர் சிக்காகோவில். ஒருவர் மில்வாக்கி, ஒருவர் மினியாப்பொலிஸ், இரண்டு பேர் ரொறன்ரோ. ரொறன்ரோக்காரர் விமானத்தில் சிக்காகோ வந்துவிட்டால், அங்கிருந்து காரில் மூன்று, மூன்றரை மணித்தியாலம். வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது எல்லோருக்கும் ஓரளவு நடுவில் வந்த இடம் அதுதான். வேறு பெரிய காரணம் முதலில் இருக்கவில்லை.

மாநிலப் பூங்கா என்றதும் யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்காவை நினைக்கவேண்டாம். 9,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடும் மலையும் சேர்ந்தது இது. 1911 இல் மாநில அரசு இதைப் பூங்காவாக்கியது. நடுவில் 360 ஏக்கரில் ஏரி. கிழக்கிலும் மேற்கிலும் ஏரியிலிருந்து 500 அடி உயரத்துக்கு ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பாறைச் சுவர்கள். அந்தப் பாறைக்கு 160 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. ஒருகாலத்தில் கடலோர மணலாக இருந்து இறுகியது. சில பாறைகளின் மேல் அலை விட்டுப்போன வரிகள் இன்றும் அப்படியே தெரிகின்றன. கசூரினாக் கடற்கரையில் கடல் வற்றும்போது காலடியில் வரிவரியாகத் தெரியுமே, அதே வரி, கல்லில். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஏறினார்கள்.

இந்த ஏரி உண்டான விதத்தைக் குளத்து ஊர்க்காரருக்குச் சொன்னால் உடனே விளங்கும். இரண்டு மலைக்கும் நடுவே முன்னொரு காலத்தில் ஆறு ஒன்று ஓடியிருக்கிறது. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்கிலிருந்து வந்த பெரிய பனிக்கட்டியாறு அந்தப் பள்ளத்தாக்கின் இரண்டு வாசலிலும் வந்து நின்றுவிட்டது. அது உருகிப் பின்வாங்கியபோது, தான் அள்ளிவந்த மண்ணையும் கல்லையும் இரண்டு பக்கமும் மேடாகக் குவித்துவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் குளக்கட்டு, நடுவில் தண்ணீர். நாங்கள் உயர்தரத்தில் பாடமாக்கி எழுதிய ‘பனிக்கட்டியாற்றுப் படிவு’ இதுதான். அன்று ரீச்சர் கரும்பலகையில் வரைந்த படம் எனக்கு விளங்கவே இல்லை. பாடமாக்கியதால் மட்டும் புள்ளி வந்தது. நாற்பது வருடம் கழித்து அந்தக் கட்டின் மேல் நடந்தபோதுதான் விளங்கியது. ரீச்சர், நீங்கள் முன்வரிசையில் இருக்கிறபடியால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் எங்கள் குளத்துக்கு இருப்பதுபோல இதற்கு வான்கதவும் இல்லை, கலிங்கும் இல்லை. தண்ணீர் வெளியேற வாய்க்கால் கிடையாது. ஆகவே உள்ளே போன அழுக்கு உள்ளேயே தங்கும். முந்திய காலத்தில் கரையில் ஹோட்டல்களும் கோடைகால வீடுகளும் இருந்தன. அவற்றால் சேர்ந்த பொஸ்பரசு அடிச்சேற்றில் தங்கி, பாசி பிடிக்கத் தொடங்கியது. 2002 இலிருந்து ஏரியின் அடித்தண்ணீரை நீண்ட குழாய் போட்டு வெளியே இழுத்துக் குறைத்து வந்தார்கள். பெற்றோல் இயந்திரப் படகுக்கும் அனுமதி இல்லை. துடுப்பு, பாய், அல்லது மின்கல மோட்டார் மட்டும்தான். அதனால்தான் கோடையில் ஆயிரக்கணக்கானோர் வந்து குளித்தாலும் தண்ணீருக்கு மேலே சத்தமில்லை. பிள்ளைகளின் கூச்சலும், இடைக்கிடை கிழக்குக் கரையால் போகும் சரக்கு ரயிலும்தான். ஆமாம், பூங்காவுக்குள்ளேயே ரயில் பாதை இருக்கிறது. 1873 இல் போட்டது. இரவில் கூடாரத்துக்குள் படுத்திருக்கும்போது அது போனால் தரை அதிரும். முதல்நாள் நாங்கள் எல்லோரும் எழும்பி இருந்துவிட்டோம். எங்களில் எவருக்கும் அதிர்வுச் சத்தம் ரயிலாக முதலில் கேட்பதில்லை.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதற்தடவை ஒரு யூலை மாதம் போனோம். தொலைபேசியில் திட்டம் போட்டபோது நான் மகிழ்ச்சியோடு, “எல்லாரும் காம்புக்குப் போவம்” என்று சொல்லிவிட்டேன். இங்கே பிறந்த பிள்ளைகள் சொல்வதுபோலச் சொன்னது. மறுமுனையில் ஐந்து பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. இராணுவ காம்ப், அகதி முகாம், அதற்கு மேல் எங்கள் அகராதியில் ஒன்றும் இல்லை. ரொறன்ரோவிலிருந்து வரும் இருவரில் ஒருவர் 2009 இல் வன்னியிலிருந்து வெளியே வந்து, வவுனியாப் பக்கத்தில் மாதக்கணக்கில் கூடாரத்தில் இருந்தவர். மகள் பொறுப்பேற்றுப் பிறகுதான் கனடா வந்தார். அவர்தான் முதலில் பேசினார். “அங்க காசு குடுத்து வெளியில வந்தனாங்கள். நீங்கள் காசு கட்டி உள்ளுக்குப் போறியள், என்னடி?” எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு வந்தார். ஒரு நிபந்தனையோடு: பகலில் உங்களோடு இருப்பேன், இரவில் காரில்தான் படுப்பேன்.

அந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பிழைகளைச் சொல்லவேண்டும், போக நினைப்பவர்களுக்கு உதவும். முதலாவது, இடம் பதிவது. விஸ்கொன்சின் மாநிலப் பூங்காக்களில் கூடாரமிடும் இடத்தைப் பதினொரு மாதத்துக்கு முன்பே பதியலாம். கோடை வாரக்கடைசி இடங்கள் மிகக் கெதியாகப் போய்விடும். மாநிலத்தில் அதிகம் பேர் வரும் பூங்கா இதுதான். நாங்கள் மே மாதத்தில் தேடி, யாரோ கைவிட்ட இடத்தைப் பிடித்தோம். கிடைத்தது தாழ்வான மூலை. இரண்டாவது, விறகு. சிக்காகோவில் வீட்டுப் பின்வளவில் கிடந்த விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். மரத்தைத் துளைத்துக் கொல்லும் வண்டு விறகோடு ஊர்விட்டு ஊர் போகிறதாம். பத்து மைலுக்குள் வாங்கியது, அல்லது சான்றிதழ் உள்ளது மட்டும்தான் கொண்டுவரலாம். மூன்றாவது, காருக்கு ஒட்டும் அனுமதி ஒட்டி. வெளிமாநில இலக்கத்தகடு என்றால் கட்டணம் கூட. நான்காவது, றக்கூன். முகத்தில் கறுப்புத் துணி கட்டியதுபோல இருக்கும், மரநாய் அளவு பிராணி. மில்வாக்கிக்காரி செய்துகொண்டு வந்த அறுபது கட்லட்டை மேசையில் மூடிவைத்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது பெட்டி திறந்திருந்தது, மூடி ஒருபக்கம், மிளகாய்ச் சோஸ் மட்டும் தொடப்படவில்லை. உணவை எப்போதும் காருக்குள் பூட்டிவையுங்கள். உண்ணியும் உண்டு; காட்டுப்பாதையில் நடந்தபின் காலைப் பார்க்கவேண்டும்.

சரி, இரவுக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு இடியோடு மழை பிடித்தது. நாங்கள் ஐந்து பேரும் புதிதாக வாங்கிய பெரிய கூடாரத்துக்குள் இருந்தோம். விலை கூடிய கூடாரம், கடையில் ஒரு பொடியன் மிகவும் புகழ்ந்தது. அரை மணித்தியாலத்தில் ஒரு பக்கம் சரிந்தது, கீழால் தண்ணீர் வந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் பாம்பைக் கண்டதுபோலக் கத்திக்கொண்டு இருந்தோம். வெளியே யாரோ கூடாரத்தில் அடித்தார்கள். பார்த்தால், அவர். கையில் ரோச் லைற். தலையில் சொப்பின்பை.

“கயிறெல்லாம் தொய்ஞ்சு கிடக்கு. ஆர் கட்டினது இது? பள்ளத்தில வாசலை வைச்சிருக்கிறியள். வெளியில வாங்கோ.”

வந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூலையைப் பிரித்துக் கொடுத்தார். கூடாரத்தைத் தூக்கி மேட்டுப் பக்கம் வைத்து, வாசலை மழைக்கு எதிர்ப்புறம் திருப்பி, தறப்பாளை மேலே இழுத்துக் கட்டினோம். சுற்றிவர வாய்க்கால் வெட்டவேண்டும், மண்வெட்டி எங்கே என்று கேட்டார். பூங்காவில் நிலத்தைத் தோண்டக் கூடாது என்று நான் சொன்னேன். அந்த மழைக்குள் அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவில் இருக்கிறது. “தோண்டாமல் எப்பிடியடி கூடாரத்தில இருக்கிறது?” என்றார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். பிறகு காருக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அந்த நான்கு நாளும் அதன்பிறகு கூடாரம் பற்றிய எல்லா முடிவும் அவருடையதுதான். அவர் மட்டும் அதற்குள் படுக்கவில்லை.

அடுத்த முறை ஒக்ரோபரில் போனோம். இலை நிறம் மாறும் காலம். ஊரிலிருந்து வரும் உறவினரைக் கூட்டிப்போக நல்ல காலம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்: நுளம்பு இல்லை, வியர்வை இல்லை. மேற்குக் கரையில் உருண்டு விழுந்த பாறைகளுக்கு நடுவே ஒரு மைல் நீளச் சமதரைப் பாதை இருக்கிறது. முழங்கால் நோ உள்ளவர்களும் போகலாம், ஆறுதலாக. கிழக்கு மலைக்கு ஏறும் பாதை வேறு கதை. கல் படிக்கட்டு, செங்குத்து. மேலே போனால் ஒரு பெரிய பாறை சின்ன அடியில் விழாமல் நிற்பதைப் பார்க்கலாம், இன்னொரு இடத்தில் பாறைகள் சேர்ந்து வாசல்போல நிற்கும். அந்தப் படிகளில் பலவற்றை 1935 இலிருந்து 1941 வரை இங்கே தங்கியிருந்த இளைஞர்கள் போட்டார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற பொடியன்களுக்காக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தொடங்கிய திட்டம். மாதம் 30 டொலர் சம்பளம், அதில் 25 டொலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்களும் இங்கே முகாமில்தான் இருந்தார்கள். இதையும் நான் அவருக்குச் சொன்னேன். “வீட்டுக்குக் காசு அனுப்பின முகாம் எண்டால் நல்ல முகாம்தான்” என்றார்.

தெற்குக் கரையில் புல்வெளிக்கு நடுவே மண்ணால் செய்த ஒரு பறவை இருக்கிறது. கிட்ட நின்றால் வெறும் மேடு. தகவல் பலகையில் உள்ள படத்தைப் பார்த்தால்தான் இறக்கை விரித்திருப்பது தெரியும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் கட்டியது. வடக்குக் கரையிலும் விலங்கு வடிவ மேடுகள் இருக்கின்றன. ஹோ-சங்க் மக்கள் இந்த இடத்தைத் தங்கள் முன்னோரின் புனித இடமாகக் கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் இந்த ஏரியின் பெயர் புனித ஏரி, அல்லது தெய்வ ஆவியின் ஏரி என்று பொருள்படும். வந்து குடியேறிய வெள்ளையருக்கு ஆவி என்றால் பேய்தான் என்று பட்டிருக்கிறது. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் பலகையை முழுக்க வாசித்துவிட்டு என்னைக் கேட்டார்: “இப்ப அவை எங்க?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1837 இல் ஓர் ஒப்பந்தத்தில் ஹோ-சங்க் மக்களிடம் விஸ்கொன்சினில் எஞ்சியிருந்த நிலத்தையும் எழுதி வாங்கிவிட்டார்கள். 1840 இலிருந்து 1874 வரை பல தடவை அவர்களைப் படையைக்கொண்டு பிடித்து ஏற்றினார்கள். ஐயோவா, மினசோட்டா, தென் டக்கோட்டா, நெப்ராஸ்கா என்று ஓரிடத்திலும் நிற்கவிடாமல் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் பலர் திரும்பி வந்தார்கள். யெலோ தண்டர் என்ற தலைவர், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், அவரும் வெளியேற்றப்பட்டு நடந்தே திரும்பி வந்தவர்களில் ஒருவர். 1849 இல் இதே மாவட்டத்தில் சட்டப்படி 40 ஏக்கர் காணி வாங்கி அதில் இருந்தார். கடைசியில் அரசு களைத்துப்போய் விட்டுவிட்டது. இன்று ஹோ-சங்க் மக்கள் விஸ்கொன்சினில்தான் இருக்கிறார்கள், தங்கள் சொந்த நிர்வாகத்தோடு.

“நடந்தோ?”

“நடந்துதான்.”

“காணிக்கு உறுதி முடிச்சு வைச்சிருக்கிறார், கெட்டிக்காரன்” என்றார். பிறகு மேட்டுக்கு வெளியே புல்லில் போய் இருந்தார். மேட்டின் மேல் ஏறக்கூடாது. நாங்கள் போய்க் கூப்பிடவில்லை. அன்றிரவும் காரில்தான்.

குளிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு முழுவதும் பூங்கா திறந்திருக்கிறது. பனிக்காலத்தில் கூடாரமிட ஒரு பகுதியை மட்டும் விட்டுவைப்பார்கள். தண்ணீர்க் குழாய்கள் பெரும்பாலும் அடைக்கப்பட்டுவிடும். ஏரி இறுகிய பிறகு மனிதர்கள் அதன்மேல் ஓட்டை போட்டு, முக்காலியில் இருந்து மீன் பிடிக்கிறார்கள். பனிச்சப்பாத்துக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கலாம். நானும் மில்வாக்கிக்காரியும் ஒரு பெப்ரவரியில் ஓர் இரவு படுத்துப் பார்த்தோம். அதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். காலையில் கண்ணாடிபோல வானமும், பாறையில் தொங்கும் பனிக்கூரும், ஒரு காகம்கூட இல்லாத அமைதியும் அழகுதான். ஆனால் தண்ணீர்ப் போத்தல் கல்லாகிவிட்டது, எனக்கு இரண்டு நாள் விரல் மரத்தே இருந்தது. மற்ற நால்வரும் புத்திசாலிகள். பராபூவில் ஹோட்டலில் தங்கிக் காலை பத்து மணிக்குச் சூடான கோப்பியோடு வந்தார்கள். அந்த ஊரிலும் பார்க்க இருக்கிறது. றிங்லிங் சகோதரர்கள் 1884 இல் தங்கள் சர்க்கஸைத் தொடங்கிய ஊர் அது, இப்போது சர்க்கஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. உலகத்திலுள்ள பதினைந்து வகைக் கொக்கினத்தையும் ஒரே இடத்தில் வளர்க்கும் கொக்குப் பாதுகாப்பு நிலையமும் பக்கத்தில்தான், ஆனால் அது பனிக்காலத்தில் பூட்டு.

பிறகு கொரோனா வந்து இரண்டு வருடம் ஒன்றுமில்லை. எங்கள் ஆறு பேரில் ஒருவர் கணவனை இழந்தார், மினியாப்பொலிஸ்காரி. செத்தவீட்டைச் சூமில் பார்த்தோம். மறுபடி போகலாம் என்ற நேரத்தில், பதினொரு மாதம் முன்பே, மேட்டு நிலத்தில், ஏரிக்கு நடந்துபோகும் தூரத்தில் இடம் தெரிவுசெய்து பதிந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அவரேதான். மகளின் கணினியில் வரைபடம் பார்த்து, இலக்கத்தோடு எனக்கு அனுப்பினார். “இந்த இடத்தில மழைத் தண்ணி நிக்காது” என்று கீழே ஒரு வரி.

அந்த யூலையில் கூடாரம் அவர் அடித்தார். நாங்கள் ஆணி பிடித்தோம். இருட்டியதும் புட்டும் சம்பலும் சாப்பிட்டு, நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடத்துக் கதை கதைத்தோம். அதிபரின் செருப்புச் சத்தத்தைக் கேட்டு எப்படி ஓடுவோம் என்ற கதை, நூறாவது தடவை. மினியாப்பொலிஸ்காரி அழுதார், பிறகு சிரித்தார். படுக்கப் போகும் நேரம் நான் வழமைபோலக் காரின் திறப்பை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மினியாப்பொலிஸ்காரியைக் காட்டி, “இவள் தனியப் படுக்கமாட்டாள்” என்று மட்டும் சொன்னார். இருவரும் வாசல் பக்கமாகப் படுத்தார்கள். வாசற் சிப்பைப் பூட்டவேண்டாம் என்றார், நுளம்பு வலை மட்டும் போதும் என்றார். ஆகவே இரவு முழுக்க வாசல் திறந்தே கிடந்தது. நான் இரண்டு தடவை எழும்பிப் பார்த்தேன். முதல் தடவை அவர் விழித்திருந்தார், வெளியே பார்த்துக்கொண்டு. இரண்டாம் தடவை நித்திரை. விடியற்காலை ரயில் போனது, அவர் எழும்பவில்லை.

காலையில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் தேத்தண்ணி வைத்தார், சீனி போதாது என்று என்னைத்தான் பேசினார்.

அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று அனுமதி தந்துதான் அனுப்பினார், பெயர் சொல்லாதே என்ற நிபந்தனையோடு. நீங்களும் திரும்பிப் பார்த்துத் தேடவேண்டாம்.

அடுத்த யூலைக்கு மூன்று இடம் பதிந்திருக்கிறோம். ஓரிடத்துக்கு ஆறு பேர். எங்கள் வகுப்பு என்றில்லை, எந்த வகுப்பு அக்காமாரும் தங்கைமாரும் வரலாம். கூடாரம் எங்களிடம் இருக்கிறது. ஆளுக்கொரு போர்வை, ரோச் லைற், மழைச்சட்டை, பூட்டக்கூடிய உணவுப்பெட்டி கொண்டுவாருங்கள். விறகு கொண்டுவரவேண்டாம். வர விரும்புபவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் தரவும்.